ஒளியைக் குத்தகைக்கு விட்ட கதை

“எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிடுங்கள்; சர்க்காருக்கு இங்கே என்ன வேலை?” என்று பல்லவி பாடுகிறவர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் கலங்கரை விளக்கத்தையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். பிரிட்டனில் அந்த விளக்குகளைத் தனியாரே கட்டினார்களாம், தனியாரே நடத்தினார்களாம். ஆகவே பொதுத் துறை என்ற ஒன்றே வேண்டாமாம்! சாட்சியை நாமும் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

விளக்கு எரிந்தால் அதன் ஒளி எல்லாக் கப்பலுக்கும் தெரியும். காசு கொடுத்தவனுக்கு மட்டும் காட்டி, கொடுக்காதவனுக்கு மறைக்க முடியாது. நடுக்கடலில் கப்பலை நிறுத்திக் கூலி கேட்கவும் முடியாது. எனவே இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-ல் எழுதினார். பின்வந்த பொருளாதார ஆசிரியர்கள் பலரும் அதையே சொன்னார்கள். 1974-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் கோஸ் பழைய ஆவணங்களைப் புரட்டி, “இல்லை, தனியார் கட்டினார்கள், வசூலும் செய்தார்கள்” என்று காட்டினார். அவரே 1991-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் தந்த விவரங்களை நாம் மறுக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கச்சை கட்டுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

உண்மையை உண்மை என்றே சொல்வோம். 1514-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் சாசனம் பெற்ற டிரினிட்டி ஹவுஸ் என்ற சங்கம், கடல் விளக்குகளைக் கவனிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தும் நெடுங்காலம் தூங்கியது. 1610 முதல் 1675 வரை அது ஒரு புதிய கலங்கரை விளக்கம்கூடக் கட்டவில்லை. அதே காலத்தில் தனியார் பத்துக்குக் குறையாமல் கட்டினார்கள். 1820-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிரினிட்டி ஹவுஸ் வசம் 24 விளக்குகள். தனியார் வசம் 22. தூங்குகிற பொது அமைப்புக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அதைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதே நம் கட்சி.

ஆனால் அந்தத் தனியார் எப்படி வசூலித்தார்கள்? சந்தையில் கடை விரித்தா? இல்லை. மன்னரிடம் உரிமைப் பட்டயம் வாங்கினார்கள். இந்த விளக்கைக் கடந்து செல்லும் கப்பல் டன்னுக்கு இவ்வளவு செலுத்த வேண்டும் என்று அந்தப் பட்டயம் ஆணையிட்டது. கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும், வழியில் கடந்த ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்து வாங்கினார்கள். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? சர்க்காரின் சுங்க அதிகாரிகளே! ஆணை சர்க்காருடையது, வசூலிக்கும் கை சர்க்காருடையது, லாபம் மட்டும் தனியாருடையது. இதற்குப் பெயர் போட்டிச் சந்தையா?

நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு நிலக்கரி ஏற்றி வந்த கப்பலும் இந்தச் சுங்கத்துக்குத் தப்பவில்லை. சுங்கம் கட்டிய முதலாளி அதைத் தன் பையிலிருந்தா கொடுத்திருப்பான்? சரக்கின் விலையில் ஏற்றினான். லண்டன் தொழிலாளி குளிர் காய வாங்கிய கரியில் அந்த விளக்குக் கூலியும் சேர்ந்தே இருந்தது.

இனி, அந்த விளக்கை எரித்த மனிதனைப் பார்ப்போம். வேல்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால், அலைகளுக்கு நடுவே ஸ்மால்ஸ் என்ற பாறை இருக்கிறது. 1776-ல் அதன்மேல் மரத்தூண்களை நட்டு, தூண்களின் உச்சியில் ஒரு கூண்டு கட்டி விளக்கேற்றினார்கள். காவலுக்கு இரண்டே பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் அங்கே இருந்தவர்கள் தாமஸ் ஹவல், தாமஸ் கிரிஃபித். புயல் ஓயாமல் அடித்தது. படகு எதுவும் நெருங்க முடியவில்லை. அந்த நிலையில் கிரிஃபித் இறந்துபோனார். இருவரும் அடிக்கடி சச்சரவிட்டவர்கள். சடலத்தைக் கடலில் தள்ளினால் கொலைப்பழி தன் தலையில் விழும் என்று ஹவல் அஞ்சினார். உள்ளே இருந்த பலகைகளைப் பெயர்த்துப் பெட்டி செய்து, சடலத்தை அதில் வைத்து, கூண்டுக்கு வெளியே கட்டிவைத்தார். வாரக்கணக்கில் சடலத்தோடு தனித்திருந்தும் விளக்கை அவர் அணையவிடவில்லை. அதன் பிறகே இத்தகைய பாறை விளக்குகளுக்கு மூன்று காவலர் என்ற விதி வந்தது. ஒரு தொழிலாளி இறந்து, இன்னொரு தொழிலாளி சொல்லொணாத துயரம் பட்டு வாங்கித் தந்த விதி அது!

விளக்கின் கீழே இந்த நிலை. அதன் வருமானம் போன இடம் எது? ஆங்கிள்சி தீவுக்கு வடமேற்கே ஸ்கெரீஸ் பாறையில் உள்ள விளக்கின் வரலாறு இதற்கு விடை சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டிய வில்லியம் டிரெஞ்ச் நஷ்டப்பட்டுக் கடனாளியாகவே மாண்டார். 1730-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றி, அந்த வசூல் உரிமையை அவருடைய வாரிசுகளுக்கு நிரந்தரமாக்கியது. அடுத்த நூறாண்டில் லிவர்பூல் துறைமுகம் பெருத்தது. அடிமை வியாபாரமும் பஞ்சு வியாபாரமும் அதைப் பெருக்க வைத்தன. கப்பல்கள் கூடக் கூட வசூலும் கூடியது. கடலைப் பெருக்கியவர்கள் வாரிசுகளா? கப்பலை ஓட்டியவர்கள் அவர்களா? இல்லை. முன்னோர் பெற்ற காகிதம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கொள்ளைக்கு எதிராகக் கூச்சல் எழுப்பியவர்களில் முன்னே நின்றவர்கள் கப்பல் முதலாளிகள்! தங்கள் பையில் கை விழுந்ததும் அவர்களுக்கே தனியார் உரிமை கசந்தது. 1834-ல் ஜோசப் ஹியூம் தலைமையில் பார்லிமெண்ட் கமிட்டி விசாரித்தது. 1836-ல் சட்டம் பிறந்தது. தனியார் விளக்குகளைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரம் டிரினிட்டி ஹவுஸுக்குக் கிடைத்தது. 1842-க்குள் அந்த நாட்டில் தனியார் கலங்கரை விளக்கமே இல்லை என்றாயிற்று.

ஆனால் என்ன விலை கொடுத்து? ஸ்மால்ஸ் விளக்குக்குச் சுமார் 1,70,000 பவுன். ஸ்கெரீஸ் விளக்குக்குப் பேரம் படியவில்லை. ஜூரி கூடி விலை வைத்தது. 1841-ல் கொடுத்த தொகை 4,44,984 பவுன்! ஒரு பாறை, ஒரு கோபுரம், ஒரு விளக்கு. விலை கோபுரத்துக்கு அல்ல, வசூலிக்கும் உரிமைக்கு. அந்த உரிமையை முதலில் எழுதிக் கொடுத்தது யார்? அரசே. கொடுத்ததைத் திரும்பப் பெறப் பணத்தைக் கொட்ட வேண்டி வந்தது. நூறாண்டு சுங்கம் செலுத்திய கடல் வாணிபம், அந்தச் சுங்கத்தை ஒழிக்கவும் பணம் செலுத்தியது.

பொது அமைப்பால் முடியாது என்பாருக்கும் விடை இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கரையில், கடல் ஏறும்போது முழுகிப்போகும் பெல் ராக் பாறையில் 1807-ல் வேலை தொடங்கி, 1811-ல் விளக்கேற்றியது அங்கிருந்த பொது விளக்கு வாரியம். ஒளியை வெகுதூரம் அனுப்பும் வில்லையைக் கண்டு, 1823-ல் கோர்துவான் விளக்கில் அதைப் பொருத்திய ஃபிரெனெல், பிரெஞ்சு சர்க்காரின் பொறியாளர். அமெரிக்காவில் 1789-லேயே விளக்குகளை மத்திய சர்க்கார் ஏற்று, கஜானாவிலிருந்து செலவிட்டது. ஸ்மால்ஸின் மரத்தூண்கள் நின்ற இடத்தில் கல் கோபுரம் எழுப்பி 1861-ல் ஒளி தந்ததும் டிரினிட்டி ஹவுஸே.

கட்டணமே கூடாது என்பதல்ல நம் வாதம். பிரிட்டிஷ் துறைமுகங்களில் வணிகக் கப்பல்கள் இன்றும் விளக்குக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணம் பொது நிதிக்குப் போகிறது. விளக்குகளைப் பராமரிக்கவே செலவாகிறது. அதுதான் வேறுபாடு.

ஆகவே தோழர்களே, கலங்கரை விளக்கத்தைக் காட்டி யாரேனும் உங்களை மடக்க வந்தால், பின்வாங்க வேண்டாம். பட்டயம் கொடுத்தது யார், வசூலித்துக் கொடுத்தது யார், கடைசியில் 4,44,984 பவுன் கொடுத்து மீட்டது எதற்காக என்று கேளுங்கள். ஊருக்குப் பொதுவான எதையும் எவருக்கேனும் எழுதிக் கொடுக்கும் நாள் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டியது நம் கடமை. எழுதிக் கொடுப்பது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். மீட்கத்தான் தலைமுறைகள் பிடிக்கும்.