அனுபவமா? யாருடைய அனுபவம்?

திருத்தணி மலைக்குப் போக இரண்டு வழி இருக்கின்றது. ஒன்று படிக்கட்டு. வருஷத்துக்கு 365 நாள் என்று கணக்குச் சொல்லி, 365 படி என்று வைத்து, படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் பூசிக் கற்பூரம் கொளுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார்கள். மற்றொன்று மோட்டார் ரோடு. கார் உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போய் இறங்கிக்கொள்ளலாம். பரீட்சைக் காலம் வந்தால் படிவழியில் பிள்ளைகள் கூட்டம் பெருகிவிடும். கொளுத்தினவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், கொளுத்தாதவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாராவது ஒரு கணக்கு எடுத்தால் கற்பூரச் செலவாவது மிச்சமாகும். நிற்க. இன்று நாம் எழுத வந்தது முருகனைப் பற்றியல்ல. இதே மாதிரி இரண்டு வழி வைத்துக்கொண்டிருக்கிற வேறொரு மலையைப் பற்றியாகும்.

“பொதுக் கொள்கைப் படிப்பு” என்று ஒரு மேற்படிப்பு இப்போது நடந்து வருகின்றது. யாருக்கு எவ்வளவு ரேஷன் அரிசி, தறிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் இலவசம், எந்த நூலுக்கு எவ்வளவு வரி, எந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடம் என்கின்ற காரியங்களையெல்லாம் எப்படி யோசிப்பது, செலவைக் கணக்கிட்டுப் பலனை எப்படி அளப்பது என்று கற்பிக்கிற படிப்பு இது. பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் நடக்கின்றது. டில்லியிலும் ஐதராபாத்திலும் இதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரால் 2004-ல் ஒன்று ஏற்பட்டது. படித்து வெளியே வருகிறவர்கள் மந்திரிகளுக்கும் சர்க்கார் இலாகாக்களுக்கும் யோசனை சொல்லுகிற இடங்களில் போய் உட்காருகிறார்கள். இந்தப் படிப்பு கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தும் ஜாதியைப் பார்த்தும் காரியம் நடத்துவதைவிடக் கணக்கைப் பார்த்து நடத்துவது ஆயிரம் பங்கு மேலல்லவா? நம்முடைய கேள்வியெல்லாம், அந்தக் கணக்கைப் போடப் போகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதுதான்.

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியிலும் பிறகு அச்சாபீசிலும் இருந்துகொண்டு கிடைத்ததைப் படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிறார். அவருடைய மகள் பி.ஏ. தேறினவள். சென்ற மாதம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றாள். மேற்படி படிப்புக்கு ஒரு பள்ளிக்குப் போடுகிற மனு. தகப்பனார் பெயர், தொழில், படித்த காலேஜ் எல்லாம் நிரப்பியிருந்தாள். “வேலை அனுபவம் எத்தனை வருஷம், எந்த ஸ்தாபனத்தில், என்ன பதவி” என்று கேட்டிருந்த கட்டத்தில் “இல்லை” என்று போட்டிருந்தாள்.

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெண் பன்னிரண்டாவது படித்த நாளிலிருந்து தகப்பனார் தறிகளுக்குப் பாவு கணக்கும் கூலிக் கணக்கும் எழுதி வருகிறவள். நாலு வருஷமாக அந்தத் தெருவில் யாருக்கு விதவை உதவித்தொகை வேண்டுமென்றாலும், முதியோர் பணம் நின்றுபோனாலும், ரேஷன் அட்டையில் பெயர் விடுபட்டாலும் மனு எழுதித் தருகிறவள் அவள். எந்த மனு எந்தத் தேதியில் போயிற்று, என்ன காரணம் சொல்லித் திரும்பி வந்தது, பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். சர்க்கார் திட்டம் ஒன்று தாலூகா ஆபீசுக்கும் கிழவியின் கைக்கும் நடுவில் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். இவளுக்கு அனுபவம் “இல்லை”யாம்! பட்டணத்தில் ஒரு குளிர்சாதன ஆபீசில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, பிறர் கொண்டுவந்த புள்ளிகளைக் கட்டம் கட்டினவருக்கு அனுபவம் “இரண்டு வருஷம்”. பதவியின் பேரும் ஸ்தாபனத்தின் பேரும் சொல்ல முடிந்தால்தான் அது அனுபவம் போலும்!

தோழர்களே! கதவைச் சாத்துகிறவர்கள் காலத்துக்குக் காலம் பூட்டை மாற்றுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சை யாரும் எழுதலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் எழுதக் கப்பலேறி லண்டனுக்குப் போகவேண்டும். 1870களில் வயதையும் 19-க்குள் என்று குறுக்கினார்கள். இந்தியாவிலும் அந்தப் பரீட்சையை வைக்க 1922 வரை ஆயிற்று. பிறகு “தகுதி, திறமை” என்கின்ற பூட்டு வந்தது. அதை உடைக்கத்தான் சென்னை மாகாணத்தில் 1921-ல் வகுப்புவாரி உத்தரவு போட்டு, அது ஏட்டில் கிடந்து, 1928-ல் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்து அமலுக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு உத்தியோகம் என்றால் இன்னின்னாருக்கு இத்தனை என்று பங்கு வைத்ததும் திறமை கெட்டுப்போகும் என்று கூச்சலிட்டார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இப்போது “அனுபவம்” என்று மூன்றாவது பூட்டு. 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் தேர்வாணையம் 45 பெரிய பதவிகளுக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதாக விளம்பரம் போட்டது. இணைச் செயலாளருக்கு 15 வருஷ அனுபவம், இயக்குநருக்கு 10, துணைச் செயலாளருக்கு 7 என்று கேட்டார்கள். அனுபவத்துக்குக் கணக்கு இருந்தது. இட ஒதுக்கீட்டுக்கு மட்டும் இடம் இல்லை. நாடெங்கும் ஆட்சேபம் கிளம்பவே, சில நாளில் விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டது நல்லதுதான். ஆனால் அந்த 15 வருஷத்துக்கு முதல் படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கொள்கைப் பள்ளிகளைப் போன்ற இடங்களில்தான் இருக்கின்றது. அங்கே நுழைய லட்சக்கணக்கில் சம்பளம் கட்டவேண்டும். இங்கிலீஷில் தன்னைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும். அனுபவக் கட்டத்தை நிரப்பவேண்டும்.

ஹார்வர்டில் உள்ள பள்ளி 1936-ல் ஆரம்பமானது. அதற்கு 20 லட்சம் டாலர் கொடுத்தவர் லிட்டாவர் என்பவர். கைக்கு உறை செய்து விற்றுப் பணக்காரரானவர், அமெரிக்கச் சட்டசபையிலும் இருந்தவர். நல்ல காரியமே செய்தார். அங்கே நடுவயதுக்காரர்களுக்கென்று இருக்கிற வகுப்பில் ஏழு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள். உறை விற்ற முதலாளி பள்ளிக்கூடமே கட்டலாம். உறை தைத்த பெண்ணின் ஏழு வருஷம் அந்தக் கணக்கில் ஏறுமா என்பதுதான் நமது சந்தேகம்.

இதெல்லாம் வீண் பேச்சு, படித்தவன் கணக்குப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதற்கு நம் தறிகளே சாட்சி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. செயற்கை நூலுக்கு நூற்றுக்கு 18 வரி. அதிலே நெய்த துணிக்கு நூற்றுக்கு 5. நூலுக்குக் கட்டின வரியைத் துணியின் வரியில் கழித்தால் மீதி நிற்கும். வேறு பல சாமான்களுக்கு அப்படி மீந்ததைத் திருப்பித் தருகிற சட்டம், துணிக்கு மட்டும் தரமாட்டேன் என்றது. நூல் நூற்றுத் துணியும் நெய்கிற பெரிய மில்லுக்கு இதனால் அவ்வளவு தொல்லையில்லை. நூலை விலைக்கு வாங்கி நெய்கிற சிறு தறிக்காரனுக்குத்தான் முழு இடி. ஒரு பெட்டி நூலை வாங்கிப் பாவு ஓட்டி அந்தத் துணியைச் சந்தையில் விற்றுப் பார்த்தவன் ஒருவன் அந்த மேஜையில் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பான். சொல்ல ஆளில்லை. அந்த வருஷம் அக்டோபரில் 18 என்பது 12 ஆயிற்று. 2018 ஆகஸ்டு முதல் மீதியைத் திருப்பித் தரச் சம்மதித்தார்கள். அதற்கு முன் சேர்ந்து கிடந்ததற்கு மில்காரர்கள் கோர்ட்டு ஏறவேண்டியிருந்தது. நூலுக்கும் துணிக்கும் ஒரே 5 என்று ஆனது 2025 செப்டம்பரில். எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷத்தில் எடைக்குப் போன தறிகளைத் திருப்பி மாட்டுவார் யார்?

படிப்பும் வேண்டும், பட்ட அனுபவமும் வேண்டும் என்பதற்கு அம்பேத்கரைவிட வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. பரோடா மன்னரின் உதவிச் சம்பளத்தில் 1913-ல் அமெரிக்கா போய்க் கொலம்பியாவில் படித்தார். 1915-ல் எம்.ஏ.வுக்கு அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் வரவுசெலவையும் பற்றித்தான். பார்க்கப்போனால் இது கொள்கைப் படிப்பேயாகும். அவ்வளவும் படித்து 1917-ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் வேறு பெயரில் தங்கி, தடியோடு வந்த கூட்டத்தால் விரட்டப்பட்டார். கொலம்பியாவில் படித்தது ஒரு பாடம்; பரோடாத் தெருவில் படித்தது இன்னொரு பாடம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவுக்கு இந்த இரண்டும் வேண்டியிருந்தது. அவருடைய மனுவில் அந்த இரண்டாவது பாடத்தை எழுத எந்தப் பள்ளி கட்டம் வைத்திருக்கும்?

பாஷை விஷயத்துக்கு வருவோம். சென்னையில் கம்பெனிக்காரன் 1812-ல் எல்லிஸ் என்பவரைக் கொண்டு ஒரு கல்லூரி வைத்தான். சீமையிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்கள் அங்கே தமிழும் தெலுங்கும் கற்றுப் பரீட்சை கொடுக்கவேண்டும். நம்மிடத்தில் அன்பினால் அல்ல, கிஸ்தி வசூலிக்க. வரி வாங்க வந்த அந்நியனே ஜனங்களின் பாஷை தெரியாமல் முடியாது என்று கண்டுகொண்டான். நமது தாலூகாவை 1911 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி திரும்பச் சென்னை ராஜ்யத்தில் சேர்த்தார்கள். (இரண்டுக்கும் ஏப்ரல் முதல் தேதியா அகப்பட்டது!) இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தறியடியில் இன்றைக்கும் இரண்டு பாஷையும் புழங்குகின்றது. இங்கே ஒரு திட்டம் ஏன் கெட்டது என்று விசாரிக்க வருகிறவருக்குத் தமிழும் தெலுங்கும் வேண்டும். ஆனால் பள்ளியில் கேட்பது இங்கிலீஷ். கலெக்டர் வேலைக்கான பெரிய பரீட்சையைக்கூட 1979 முதல் தமிழில் எழுத முடிகிறது. அதிலும் முதல் கட்ட வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் என்பது வேறு வழக்கு. நம்மூரில் பிறந்தவர் என்று பெருமை பேசப்படுகிற ராதாகிருஷ்ணன் தலைமையில் நடந்த பல்கலைக்கழகக் கமிஷனே, உயர்கல்வி அந்தந்தப் பிரதேச பாஷையில் நடக்கவேண்டும் என்று 1949-ல் சிபாரிசு செய்தது. அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சிபாரிசையும் ஒருநாள் படிக்கலாம்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-ல் முதலமைச்சர் பெயரால் ஏற்படுத்திய புத்தாய்வுத் திட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பது பேரை எடுத்து, இரண்டு வருஷம் மாதச் சம்பளம் கொடுத்து, சர்க்கார் வேலைகளிலேயே இருத்திக் கற்பிப்பது அது. பீஸ் கட்டுவதற்குப் பதில் சம்பளம் தருவதும், தமிழ் தெரிந்திருக்கவேண்டும் என்று சொன்னதும், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வயதில் சலுகை வைத்ததும் சரியான வழி. ஆனால் அதிலும் முதல் வகுப்பில் தேறினவர்களைத்தான் கேட்கிறார்கள். கலைப் படிப்பு என்றால் எம்.ஏ. வேண்டும். அரசினர் காலேஜில் பி.ஏ. படித்துக்கொண்டே ராத்திரியில் தறி ஓட்டினவனுக்கு அந்த முதல் வகுப்பு எத்தனை மார்க்கில் தவறிப்போனது என்று பார்க்கிறவர் யாருமில்லை. மார்க்கோடு கூட அவன் செய்த வேலையையும் எடைபோட்டால் என்ன நஷ்டம்? பஞ்சாயத்து வார்டு மெம்பராக ஐந்து வருஷம் இருந்த பெண், ரேஷன் கடையில் எடை போட்டவன், சுய உதவிக் குழுவின் கணக்கை வைத்தவள், இவர்களுக்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் இத்தனை இடம் என்று கேட்பதில் என்ன தப்பு? உத்தியோகத்தில் பங்கு கேட்ட நாம், யோசனை சொல்லுகிற இடத்தில் பங்கு கேட்க ஏன் கூச வேண்டும்?

அந்தப் பெண்ணிடம் “இல்லை” என்பதை அழிக்கச் சொன்னேன். “பொய் எழுதினா மாட்டிக்க மாட்டேனா மாமா?” என்றாள். “எது பொய்யம்மா? அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வா” என்றேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து, வந்த மனு எத்தனை, பணம் கிடைத்தது எத்தனை, எத்தனை நாளில் கிடைத்தது என்று கூட்டினோம். தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். நோட்டுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து மனுவோடு சேர்த்தாள். அனுபவம் “நாலு வருஷம்” என்று போட்டாள். ஸ்தாபனத்தின் பெயர் என்கிற இடம் வந்ததும் என்னைப் பார்த்தாள். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எழுதச் சொன்னேன். மனுவுக்குக் கெடு இந்த மாதக் கடைசி.