காரில் வெள்ளைப் புள்ளி – பழி யார் மேல்?

வீட்டில் கார் கழுவ 'டீஅயனைஸ்டு வாட்டர்' யூனிட் வாங்கலாமா என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். அனல்மின் நிலையத்தில் வேதியியல் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது சுலபம். என் அபிப்பிராயம் இதுதான்: பொருள் நல்ல பொருள், சென்னை போர் தண்ணீருக்கு அது கட்டுப்படியாகாது.

முதலில் அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று பார்ப்போம். எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 1340 காட்டுகிறது. அதாவது ஒரு லிட்டரில் சுமார் 1340 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 500தான்; வேறு வழியில்லை என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கழுவிய காரில் ஒரு டம்ளர் தண்ணீர் ஒட்டி நின்றால் போதும், அது வெயிலில் காய்ந்ததும் கால் கிராம் உப்பு பெயிண்ட் மேலும் கண்ணாடி மேலும் தங்கிவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு எங்கே போகும்?

இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? காலை ஐந்து மணிக்கு வந்து பத்து வண்டி துடைக்கும் தம்பியைப் பிடித்துக் கத்துகிறோம். "ஒழுங்காகத் துடைக்கவில்லை, பார் எத்தனை புள்ளி" என்கிறோம். அந்தப் பையனை நிறுத்திவிட்டு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நிலத்தடித் தண்ணீரின் உப்புக்கு அந்தப் பையன் என்ன செய்வான்?

இனி யூனிட் விஷயம். நாங்கள் இதை டி.எம். வாட்டர் என்போம். பாய்லர் குழாயில் சுண்ணாம்பு படிந்தால் குழாய் சூடேறி வெடித்துவிடும், அதனால் அங்கே உப்பே இல்லாத தண்ணீர் அவசியம். உருண்டை உருண்டையாக, ஜவ்வரிசி மாதிரி இருக்கும் ரெசின் வழியே தண்ணீர் போகும். கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாவற்றையும் ஒருவகை ரெசின் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும். குளோரைடு, சல்பேட்டை இன்னொரு வகை பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். இரண்டும் சேர்ந்தால் வெறும் தண்ணீர். காய்ந்தால் ஒரு புள்ளி கூட இருக்காது. இதில் எந்த ஏமாற்றும் இல்லை.

ஆனால் ரெசினுக்கு வயிறு சிறியது. என் கணக்குப்படி, 10 லிட்டர் ரெசின் உள்ள சிலிண்டர் எங்கள் போர் தண்ணீரில் 200 முதல் 300 லிட்டர் வரைதான் தாங்கும். கடைசி அலசலுக்கு மட்டும் காருக்கு 20 லிட்டர் செலவழித்தாலும் பத்துப் பதினைந்து முறையில் தீர்ந்துவிடும். டி.டி.எஸ். 100 இருக்கும் ஊர்க்காரனுக்கு அதே சிலிண்டர் பத்து மடங்குக்கு மேல் உழைக்கும். மின் நிலையத்தில் ரெசினை ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் விட்டுப் புதுப்பிப்போம், கழிவைச் சரிக்கட்டித்தான் வெளியே விடுவோம். அந்த வேலையைப் பார்க்கிங்கில் செய்யச் சொல்ல மாட்டேன். ஆகவே புது ரெசின் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு விற்பவர்கள் சொல்லும் பரிகாரம், முன்னால் ஒரு ஆர்.ஓ. போடுவது. வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாம். கார் பளபளக்க அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சாஃப்ட்னர் போதாதா என்றால், போதாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். சோப்பு நன்றாக நுரைக்கும். உப்பின் மொத்த அளவு குறையாது. புள்ளி விழும், துடைத்தால் சுலபமாகப் போகும், அவ்வளவே.

பின்னே என்ன வழி? நம் வீட்டிலேயே இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை மீட்டரில் பார்த்தேன், 18 காட்டியது. முதல் மழையை விட்டுவிட்டு மொட்டைமாடியிலிருந்து பிடித்தது 34. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003லேயே குழாய் போட வைத்தார்கள், அதில் ஒரு டிரம்மை இணைக்க ஒரு பிளம்பரின் அரை நாள் வேலை. கொசு வராமல் டிரம்மை இறுக மூடி வையுங்கள், டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். ஏ.சி. தண்ணீரைக் குடிக்காதீர்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதீர்கள். காயிலிலிருந்து கொஞ்சம் உலோகம் கலந்திருக்கலாம். காருக்கு அது ஒன்றும் செய்யாது.

கழுவும் முறையும் எளிது. வெயில் ஏறுமுன், நிழலில், வழக்கமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அது காய்வதற்குள் ஒரு வாளி மழைநீரோ ஏ.சி. நீரோ மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு, வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து உடனே அலசிவிடுங்கள். கண்ணாடியில் வருஷக்கணக்கில் ஊறிப்போனது போகாது.

யூனிட் வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி உங்கள் தண்ணீரைப் பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அந்தப் பணத்தில் துடைக்க வரும் தம்பிக்கு நாலு நல்ல துணியும் ஒரு மூடி போட்ட டிரம்மும் வாங்கிக் கொடுங்கள். சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.