பிறர் கொடுத்த நன்கொடையும் மகனின் சம்பளமும்

2024ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் நெருங்கிய நாள்களில், நமது மதரசாவில் ஓதும் சிறுவனின் தாயார் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுவந்து காட்டினார். இன்ன நிறுவனம் இன்ன கட்சிக்கு இத்தனை லட்சம் டாலர் வழங்கியது, ஆகவே அதனைப் புறக்கணியுங்கள் என்றொரு நீண்ட பட்டியல். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவில் பணிபுரியும் நிறுவனமும் அதில் இருந்தது. "ஹஜ்ரத், அவன் அனுப்புற காசு ஹலால்தானா?" என்று கேட்டார். குரல் தழுதழுத்தது.

இத்தகைய பட்டியல்கள் பிறக்கும் விதத்தை நம்மில் பலர் அறியோம். அங்கே அதிபர் தேர்தலிலோ நாடாளுமன்றத் தேர்தலிலோ ஒருவர் வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தால், அவருடைய பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றோடு அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதையும் வேட்பாளரின் குழு தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அப்பதிவுகளை நிறுவனவாரியாகக் கூட்டினால் 'இந்நிறுவனம் கொடுத்தது' என்று ஒரு தொகை வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது ஊழியர்கள் தத்தம் சம்பளத்திலிருந்து கொடுத்த பணமே. அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்திருப்போர் எதிரெதிர்க் கட்சிகளுக்குக் கொடுத்திருப்பதும் உண்டு. நிறுவனம் தன் கருவூலத்திலிருந்து அத்தேர்தல்களின் வேட்பாளருக்கு நேரடியாக வழங்குவதையோ 1907ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. இக்கணக்கை நம்பிப் புறக்கணிப்புக்கு அழைப்பது அநியாயம் என்பதே நமது கருத்து.

நிறுவனங்கள் யாவும் தூயவை என்று நாம் சொல்லவரவில்லை. 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தேர்தலுக்காகத் தனியே செலவிட அவற்றுக்கு வழி திறந்தது. மேலும், பல நிறுவனங்கள் 'பேக்' எனப்படும் அரசியல் நிதிக்குழுவை நடத்துகின்றன. பணம் ஊழியர்களுடையது, ஆளுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை. அது யாரைச் சேர வேண்டும் என்று முடிவெடுப்பது குழு. நிறுவனத்தின் விருப்பத்தை அறிய வேண்டுவோர் அங்கேதான் பார்க்க வேண்டும்.

நமக்கு உறுத்துவதும் அவ்விடமே. கொடுக்க மறுத்தாலும் பாதகம் வராது என்று சொல்லித்தான் ஊழியரிடம் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். ஆயினும் பதவி உயர்வைக் கையில் வைத்திருப்பவர் கேட்கையில், மனமுவந்து கொடுத்தவர் யார், முகதாட்சண்யத்துக்காகக் கொடுத்தவர் யார்? மன ஒப்புதலின்றிப் பிறர் பொருள் ஆகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோமே! ஊழியர் பெயரில் கொடுக்கச் செய்து, அத்தொகையைப் போனஸாகத் திருப்பித் தருவது அங்கே குற்றம். நம் பார்வையில் அது பொய்ச்சாட்சியும்கூட.

அத்தாயாரிடம், பிறர் செயலுக்கு அவர் மகன் பொறுப்பாளியல்லன், செய்யும் வேலை ஆகுமானதாயின் சம்பளமும் ஆகுமானதே என்றோம். இன்னொன்றும் சொன்னோம். பணி விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு பெறும்வரை, அந்நாட்டின் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரவே கூடாது. மேலாளர் கேட்டாலும் பத்து டாலர்கூடக் கொடுக்க வேண்டாமென்று மகனுக்குச் சொல்லச் சொன்னோம்.

அவர் முகம் தெளிந்தது. பிறகு சற்றுத் தயங்கி, அச்செய்தியை ஏற்கெனவே மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். செய்தியை விசாரித்தறியப் பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை அவருக்கு விளக்கினோம். அங்கேயே திண்ணையில் அமர்ந்து, மூன்று குழுக்களுக்கும் ஒரு குரல்பதிவு அனுப்பினார்: "அது கம்பெனி கொடுத்த காசு இல்லையாம், அங்க வேலை பார்க்குறவங்க கொடுத்ததாம். நான் விசாரிக்காம அனுப்பிட்டேன்."