கைநாட்டு வேறு, சம்மதம் வேறு!

திருவண்ணாமலை செங்கம் சாலையில் போகிறவர்கள் ரமணாசிரமத்தைக் காணாமல் போவதில்லை. 1949-ஆம் ஆண்டில் அங்கே ரமணருடைய இடது முழங்கை அருகே கட்டி கண்டது. புற்றுக்கட்டி என்று தெரிந்தது. ஓராண்டிலே நான்கு முறை அறுத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். வேண்டாம் என்றார் அவர். அதை மீறி யாரும் கத்தியை எடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் அவர் மறைந்தார்.

அவர் முடிவு சரியா, தவறா என்ற வழக்கு நமக்கு வேண்டாம். நாம் கேட்பது ஒன்றுதான்: ஊரறிந்த பெரியவருக்கு இருந்த அந்த உரிமை, அதே சாலையில் மூட்டை சுமக்கும் தோழருக்கும் உண்டா?

மயக்க மருந்தும் வலி மருந்தும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே பழக்கத்திற்கு வருகின்றன. ஒரு பாதிப்பேருக்குப் புது மருந்து, மறு பாதிக்குப் பழைய மருந்து. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். இதை நாம் எதிர்க்கவில்லை. 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் மெய்ப்பிக்கப்படுமுன், நாலுபேர் அமுக்கிப் பிடிக்க, கதறக் கதற அறுத்த காலத்தை மறந்தவர்களா நாம்?

ஆனால் சோதனையின் பெயரால் பொய்யும் நடந்திருக்கிறது. அறுவைக்குப் பின் வரும் வலியைத் தணிப்பதில் வல்லவர் என்று பெயரெடுத்த அமெரிக்க டாக்டர் ஸ்காட் ரூபன் வெளியிட்ட ஆய்வுகளில் 21 பொய்யானவை என்று 2009-இல் அம்பலமாயிற்று. ஜப்பானில் ஃபுஜி என்ற மயக்கவியல் டாக்டரின் கட்டுரைகளில் 172 புனைவு என்று 2012-இல் அந்நாட்டு மயக்கவியல் சங்கமே அறிவித்தது. பொய்க் கணக்கு ஏட்டோடு நிற்குமா? அதை நம்பிக் கொடுத்த மருந்து நோயாளியின் நரம்பில் அல்லவா ஏறுகிறது!

இந்தியாவில் சோதனைகளைப் பதிவு செய்யும் ஏடு 2007-இல் தொடங்கிற்று. மருந்துச் சோதனைகளுக்கு 2009 முதல் அது கட்டாயம். 2019-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவானவை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நட்டஈடும் தர வேண்டும்.

விதி ஏட்டில் இருக்கிறது, வார்டில் இருக்கிறதா? தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடப்பவருக்காக மனைவியோ மகனோ கையெழுத்திடுகிறார். வெளியே அழுதுகொண்டு நிற்பவரிடம் காகிதத்தை நீட்டி, "இங்கே வையுங்கள்" என்றால், அது சம்மதமா? மை உருட்டிய விரல் அது, அவ்வளவே!

தோழர்களே! ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகும்போது காகிதத்தை வாங்கிப் படியுங்கள்; படிக்காதவருக்குப் படித்துக் காட்டுங்கள். இது வழக்கமான சிகிச்சையா, சோதனையா? பதிவு எண் என்ன? தீங்கு வந்தால் பொறுப்பு யார்? மூன்றையும் கேளுங்கள். நேர்மையான டாக்டர் முகம் சுளிக்க மாட்டார். பதில் கிடைத்த பிறகு வைக்கட்டும் கைநாட்டை!