வாங்கிய பாட்டு சிடியை காப்பி எடுக்கலாம்... ஆடியோபுக்கை ஏன் முடியவில்லை?

பரணில் கிடக்கும் பாட்டு சிடிகளைத் தூசி தட்டி கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல், இப்போதைய லேப்டாப்களில் சிடி போடும் இடமே இல்லை என்பதுதான். யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் இருந்தால் அது தீர்ந்துவிடும். ஆனால் இது சட்டப்படி சரியா? சிடியை இவ்வளவு சுலபமாகக் காப்பி எடுக்கும்போது, காசு கொடுத்து வாங்கிய ஆடியோபுக் மட்டும் ஏன் ஆப்பை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது?

பூட்டு இல்லாத சிடி

சோனியும் பிலிப்ஸும் உருவாக்கிய ஆடியோ சிடி 1982-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு சிடியில் உள்ளதை வைக்கும் அளவுக்கு அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. சிடியில் எந்தப் பூட்டும் இல்லை. 2001-ல் ஆப்பிள் நிறுவனம், சிடியை 'ரிப்' செய்யச் சொல்லி விளம்பரமே கொடுத்தது.

பிறகு பூட்டுப் போட முயன்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2005-ல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிகள், கம்ப்யூட்டரில் போட்டதும் ஒரு மென்பொருளை ரகசியமாக நிறுவின. வைரஸ்கள் ஒளிந்துகொள்ளவும் அது வழிவிட்டது. வழக்குகள் பாய, சிடிகள் திரும்பப் பெறப்பட்டன.

சிடியில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி. ஃப்ளாக் வடிவத்தில் எடுத்தால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதி இடம் போதும். எம்பி3 இன்னும் சின்னது, ஆனால் அதில் கழிந்துபோன ஒலி திரும்ப வராது. ஒரே ஒரு தடவை செய்யும் வேலைதானே, ஃப்ளாக்கே நல்லது. வெறும் பேச்சு என்றால் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். 10 மணி நேரம் 300 எம்பிக்குள் அடங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் காப்பி எடுப்பதை, 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒலிப்பதிவுகள் இந்தச் சலுகைக்குள் வந்தது 2012 திருத்தத்தில்தான். ஊரே சிடியை ரிப் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை!

'சொந்தப் பயன்பாடு' என்பதுதான் இங்கே முக்கியம். எடுத்த பாட்டை 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்தக் கணக்கில் வராது.

எல்லா நாடுகளிலும் இந்த வசதி இல்லை. பிரிட்டன் 2014 அக்டோபரில் இதை அனுமதித்தது. கலைஞர்களுக்கு இழப்பீடு இல்லை என்று இசைத்துறை அமைப்புகள் வழக்குப் போட்டன. அரசு காட்டிய ஆதாரம் போதாது என்று கூறிய உயர் நீதிமன்றம், 2015-ல் அந்த விதியையே ரத்து செய்தது.

ஆடியோபுக் கதை வேறு

ஆடிபிள் போன்ற தளங்களில் வாங்கும் புத்தகம் டிஆர்எம் என்ற டிஜிட்டல் பூட்டோடுதான் வருகிறது. டவுன்லோடு செய்தாலும் அவர்களுடைய ஆப்பில்தான் ஓடும். 'வாங்கு' பட்டனை அழுத்துபவருக்குக் கிடைப்பது புத்தகம் அல்ல, அதைக் கேட்கும் அனுமதி மட்டும்தான். 2009-ல் கிண்டிலில் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' இ-புக்கை, உரிமைச் சிக்கல் காரணமாக வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்ப வந்தது. அலமாரியில் இருக்கும் சிடியை அப்படி யாரும் வந்து எடுத்துப்போக முடியாது.

சரி, பூட்டை உடைத்தால்? காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது 65ஏ பிரிவு. 'நோக்கம்' என்ற சொல் சொந்தமாகக் கேட்பவருக்குச் சாதகம்தான். ஆனால் தளத்தின் விதியை மீறியதாக அக்கவுன்ட் முடக்கப்பட்டால், மொத்த நூலகமும் போய்விடும். அதற்குப் பதில், வாங்கும் முன்பே டிஆர்எம் இல்லாத எம்பி3 கிடைக்கிறதா என்று பார்ப்பது மேல். உரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களின் பதிவுகளை லிப்ரிவாக்ஸ் இலவசமாகவே தருகிறது.

தமிழில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. 'பொன்னியின் செல்வன்' கதையை யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவர் வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் அதைத் தயாரித்தவருக்கே சொந்தம்.