பிள்ளையின் முகம் வேண்டாம், கணக்கைக் காட்டுவோம்

நாம் நிதி சேர்க்கும்போது முதலில் தேடுவது அழுத முகமொன்றை. ரமழானில் உலர் உணவுப் பொதியோடு பிள்ளையை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடுகிறோம். அடுத்த நாள் அதே பிள்ளை நம் வகுப்பில் தலைகுனிந்து இருக்கிறது. கணக்குக் கேட்டாலோ, நம்பிக்கை இல்லையா என்று கோபிக்கிறோம்.

1858இல் ஆட்சியாளரை அசைக்கப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் காட்டியது சிப்பாயின் முகத்தையல்ல, வரைபை. கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை மாதவாரியாக நிறம் தீட்டிக் காட்டினார்.

சலாகை வரைபு நாம் படிப்பிக்கும் பாடம்தானே? சேர்ந்தது, செலவானது, இன்னும் தேவைப்படுவது மூன்றையும் வரைந்து போடுவோம். அச்சைப் பூச்சியத்திலிருந்தே தொடங்குவோம். சிறியதைப் பெருப்பித்துக் காட்டுவதும் பொய்தான்.

கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்க உரிமையுண்டு. ஏழையின் மானத்தைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.