எந்த மரக்காலால் அளந்தார்கள்?



1998-ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதும் நிரம்பாத ஆண் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதி எடுத்துப் பொருத்தப்பட்டது. தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் நடந்த அச்சிகிச்சையே, இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகவும் ஆகிவிட்டார். இன்று கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பெற்றோர் இதற்காகத் தில்லிவரை போகவேண்டியதில்லை. சென்னையிலேயே இது நடைபெறுகிறது.

ஆனால் அறுவையோடு கவலை தீர்வதில்லை. பிறருடைய உறுப்பை உடல் அந்நியமென்றே எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வரவேண்டும். இரத்தத்தில் அது குறைந்தால் புதிய உறுப்பு பழுதாகலாம். மிகுந்தால் சிறுநீரகம் கெடலாம், நோய்க்கிருமிகளும் எளிதில் பற்றும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கவேண்டியதோ சில நானோகிராம். அதாவது, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே. சிறு குழந்தைகளின் உடல் இம்மருந்தை விரைவில் சிதைத்துவிடுவதால், அடிக்கடி அளந்து பார்ப்பது அவசியமாகிறது.

அளக்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. மருந்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு அளப்பது ஒன்று. இது விரைவில் முடியும். எனினும், மருந்து சிதைந்து உண்டாகும் பொருள்களையும் மருந்தென்றே சேர்த்து எண்ணிவிடுவதுண்டு. ஆதலால் எண் சற்றுக் கூடுதலாக வரலாம். மற்றொன்று, மருந்தைத் தனியே பிரித்து, அதன் அணுத்திரளின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை. இது அதிக நுட்பமானது. ஆனால் கருவியின் விலையும் அதிகம், தேர்ந்த ஆட்களும் வேண்டும்.

முற்காலத்தில் ஓர் ஊர் மரக்காலும் அடுத்த ஊர் மரக்காலும் ஒன்றாயிருந்ததில்லை. நெல் அதுவேயாயினும் கணக்கு மாறும். இங்கும் அப்படியே. ஒரே இரத்தம் ஓரிடத்தில் 8 என்றும் மற்றோரிடத்தில் 7 என்றும் காட்டக்கூடும். சென்ற மாதம் ஒரு முறையிலும் இம்மாதம் வேறு முறையிலும் அளந்துவிட்டு, மருந்து குறைந்துவிட்டதென்று நடுங்குவதும், கூடிவிட்டதென்று ஒரு வேளையை நிறுத்துவதும் குழந்தைக்கே ஆபத்தாய் முடியும்.

ஆகவே, கூடியவரை ஒரே பரிசோதனைக்கூடத்தில் ஒரே முறையில் அளந்து வாருங்கள். மாற்ற நேர்ந்தால், எம்முறையில் அளந்தார்கள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலை மருந்து கொடுக்கும் முன்னரே இரத்தம் எடுக்கச் செய்து, முந்தின இரவு மருந்து கொடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்ற வேறு மருந்து தொடங்கினாலும் அளவு மாறும். பம்பளிமாஸ் பழமும் அதனை மாற்றக்கூடும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டிலுள்ள எண்ணை மட்டும் கண்டு நீங்களாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதனைச் சிகிச்சை செய்யும் மருத்துவரிடமே காட்டுங்கள்.